‘என் சரித்திர’த்தை இசை நாடகமாக்குவது எப்படி?

ஒருவர் எழுதிய வாழ்க்கைக் கதையை மேடைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் பிறந்த ஊரில் தொடங்கிப் பாராட்டு விழாவில் முடியும் காட்சிப் பட்டியலைத்தான் முதலில் தயாரிக்கிறார்கள். அந்தப் பட்டியலோடு ஒத்திகைக்குப் போனால், இடையிடையே பாட்டு வைத்த பள்ளி ஆண்டு விழாதான் கிடைக்கும். தன்வரலாற்றில் சம்பவங்களுக்குப் பஞ்சமில்லை. எதை விடுவது, விடாமல் வைத்ததில் எந்த இடத்தில் பேச்சு பாட்டாக மாறுவது என்பதில்தான் வேலை இருக்கிறது.

பழந்தமிழ் நூல்களை ஏடுகளிலிருந்து தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திர’த்தை எடுத்துக்கொண்டு அந்த வேலையை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம். இலக்கு: இடைவேளை உட்பட இரண்டேகால் மணி நேரம், 14 நடிகர்கள், 6 இசைக் கலைஞர்கள்.

உரிமை

இந்திய பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகள் கணக்கு. உ.வே.சா. 1942 ஏப்ரலில் காலமானார். 2002 முடிவோடு உரிமைக் காலம் முடிந்தது. மூலத்தைத் தழுவ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிற்காலப் பதிப்புகளில் சேர்க்கப்பட்ட முன்னுரை, அடிக்குறிப்பு, சுருக்கம் ஆகியவற்றுக்கு அவற்றை எழுதியவர்களின் உரிமை தனியாக உண்டு. அவற்றைத் தொடாதீர்கள்.

இதே வேலையை உயிரோடிருக்கும் ஒருவரின் நூலை வைத்துச் செய்வதானால், பதிப்பகத்தின் கடிதம் மட்டும் போதாது. நாடகமாக்கும் உரிமையைப் பல ஆசிரியர்கள் தாங்களே வைத்திருப்பார்கள். சினிமாவுக்கு விற்றபோது மேடை உரிமையும் சேர்ந்து போயிருக்கவும் கூடும். ஒப்பந்தத்தில் ஐந்து விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த மொழி, எத்தனை ஆண்டு, எத்தனை காட்சிகள், ஒளிப்பதிவு செய்து இணையத்தில் போடலாமா, பாடல்கள் யாருக்குச் சொந்தம். கடைசி இரண்டையும் விட்டுவிட்டுப் பிறகு சண்டை போடுவது நம் குழுக்களில் வழக்கமாகிவிட்டது.

122 அத்தியாயத்திலிருந்து 18 காட்சி

‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர். 122 அத்தியாயங்கள். ஆசிரியரின் மறைவால் முடிவுபெறாமல் நின்றுபோனது. தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு சின்னத் தொடக்கமும் முடிவும் உண்டு. அது ஒரு பொறி. படிக்கும்போது எல்லாமே காட்சிபோலத் தோன்றும்.

ஒரு அத்தியாயத்துக்கு ஒரு அட்டை வீதம் 122 அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வரி மட்டும்: யார் யாரிடம் என்ன வேண்டுகிறார், கிடைத்ததா, அந்த இடத்தில் காதில் விழும் ஒலி என்ன. முதல் வரியை எழுத முடியாத அட்டைகளை ஒதுக்கி வையுங்கள். ஊர் வர்ணனை, யாத்திரை, பிரபுக்களின் அறிமுகம் எல்லாம் இதில் போய்விடும். படிக்க அருமையான பகுதிகள்தான், மேடையில் நிற்காது. 40 அட்டை அளவுக்கு மிஞ்சும். அதற்குப் பிறகுதான் எங்கே முடிப்பது என்று தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் கணிப்பில் 1887இல் சமணக் காவியமான சீவக சிந்தாமணி அவர் பதிப்பில் அச்சாகி வருவதோடு நிறுத்திவிட வேண்டும். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று தொடர்ந்தால் இரண்டாம் பாதி பதிப்புப் பட்டியலாகிவிடும். ஒரே போராட்டத்தை ஐந்து முறை காட்டினால் ஐந்தாவது முறை யாரும் அழமாட்டார்கள். ஆக, கால அமைப்பு இப்படி:

முதல் பாதி 65 நிமிடம். சிறுவயதுக்கு 10 நிமிடத்துக்கு மேல் கிடையாது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதிலிருந்து 1876 பிப்ரவரி 1 அன்று அவர் மறைவது வரை பத்துக் காட்சிகள்.

இரண்டாம் பாதி 55 நிமிடம். 1880இல் தியாகராச செட்டியார் விலகிய இடத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராவதிலிருந்து சிந்தாமணி வரை எட்டுக் காட்சிகள்.

இந்த 120 நிமிடத்தில் 14 பாட்டுக்குச் சராசரி 3 நிமிடம் வீதம் 42, முன்பு வந்த பாட்டு சுருக்கமாகத் திரும்பும் மறுவரவுப் பாட்டுகளுக்கு 4, காட்சி மாற்ற இசைக்கும் ஆட்டத்துக்கும் 12. பேச்சுக்கு மிஞ்சுவது 62 நிமிடம். மேடைப் பேச்சு நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்தால் வசனம் மொத்தம் ஆறாயிரம் சொல்தான். முதல் வரைவு பதினைந்தாயிரத்தில் வந்து நிற்கும். அதைப் பாதிக்கும் கீழே குறைக்கத் தயாராக இல்லாதவர் வசனம் எழுத வேண்டாம்.

பாடுவதை விட்டவர்

இந்த நூலை இசை நாடகமாக்க வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகனுக்கும் சங்கீதம் வரவேண்டும் என்பது அவர் ஆசை. மாயூரத்தில் இருக்கும்போது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதன் பாட்டுப் படிக்கப் போகிறார். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது தெரியவருகிறது. அவர் அதை விரும்பவில்லை. இலக்கண இலக்கியப் பயிற்சிக்கு அது இடையூறு என்பது அவர் எண்ணம். சாமிநாதன் சங்கீதத்தை விட்டுவிடுகிறார்.

இசை நாடகத்தின் கதாநாயகன் அரைமணி நேரத்துக்குள் பாடுவதை விடுகிறான்! பலர் இந்தக் காட்சியை ஒரு சோகப் பாட்டாக்கி முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் நாடகத்தின் முதுகெலும்பே போய்விடும். செய்ய வேண்டியது: இந்த இடத்திலிருந்து முதல் பாதியின் கடைசிக் காட்சி வரை நாயகனுக்கு மெட்டே கிடையாது. பேசுவான், செய்யுளைச் சீர் பிரித்து ஓதுவான், தாளம் இருக்கும், சுவரம் இருக்காது. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் பாடுவார்கள். தந்தை பாடுவார், பாரதியார் பாடுவார், சக மாணவர்கள் பாடுவார்கள்.

பிறகு பிள்ளையின் கடைசி இரவு. திருவாசகத்தில் அடைக்கலப்பத்து வாசிக்கப்படுகிறது, வாசிப்பவர் சாமிநாதன். அங்கேதான் அவன் குரல் முதல்முறையாக ராகத்துக்குள் திரும்ப வேண்டும். திருவாசகத்தை மோகனத்தில் பாடுவது ஓதுவார் மரபு. அதனால் ஒரு கட்டுப்பாடு: அந்தக் காட்சி வரும் வரை முழு நாடகத்திலும் மோகனம் எங்கும் வரக்கூடாது. காட்சி மாற்ற இசையில்கூடக் கூடாது. இசையமைப்பாளர்கள் சந்தோஷமான இடம் என்றாலே மோகனத்துக்குப் போய்விடுவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதில் வரும் நடைமுறைச் சிக்கல் ஒன்று. குழுவின் மிக நல்ல பாடகரைத்தான் நாயகனாகப் போட்டிருப்பீர்கள். அவரை அரைமணி நேரம் பாடவிடாமல் வைப்பதை அவரும் விரும்பமாட்டார், பணம் போட்டவரும் விரும்பமாட்டார். விடுவதற்கு முன்னால் அவருக்கு இரண்டு முழுப் பாட்டு கொடுத்துவிடுங்கள். இரண்டாவது பாட்டில் மேல் ஷட்ஜத்தைத் தாண்டி ஒரு சஞ்சாரமும் இருக்கட்டும். இழந்தது என்ன என்று சபையின் காதில் விழுந்திருந்தால்தான் மௌனம் கேட்கும்.

இரண்டாம் பாதியில் இதற்குப் பதில் சிந்தாமணியே தருகிறது. அதன் காந்தருவதத்தையார் இலம்பகம் என்ற பகுதியில் நாயகன் சீவகன் யாழ்ப் போட்டியில் வென்று காந்தருவதத்தையை மணக்கிறான். பாட்டை விட்ட மனிதர் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து, பாட்டால் வென்றவனின் கதையை ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் பாட வேண்டியதில்லை; ஏடு பாடட்டும். நூலில் பெண்களுக்கு இடம் குறைவு. தாய் சரஸ்வதியம்மாளைத் தவிர்த்தால் பேச வைக்க ஆளில்லை. 14 பேரில் ஐந்து பெண்கள் சும்மா நிற்கும் நிலையையும் இது தீர்க்கும். காவியத்தின் பெண்கள் இரண்டாம் பாதியின் முக்கியக் குரல்களாவார்கள். பெண் பாத்திரம் வேண்டும் என்பதற்காக மாயூரத்தில் ஒரு காதலியைக் கற்பனை செய்து நுழைப்பதை விட இது எவ்வளவோ மேல்.

பாட்டு எங்கே வரவேண்டும்

ஊர் மாறுவதற்கும் காலம் ஓடுவதற்கும் பாட்டு வைக்காதீர்கள். அது வாத்திய இசை 20 நொடியில் முடிக்கும் வேலை. ஒருவர் ஒன்றை வேண்டும்போது, ஒருவர் முடிவெடுக்கும்போது, கூட்டம் கூடும்போது: இந்த மூன்று இடம் போதும்.

வேண்டும் பாட்டுக்கு நூலிலேயே ஒரு செயல் கிடக்கிறது. பிள்ளைக்குத் தோட்டத்தில் செடிகள் தளிர்விடுவதைப் பார்ப்பதில் பிரியம். அவர் முகம் மலர்ந்து நாலு வார்த்தை பேசமாட்டாரா என்பதற்காக சாமிநாதன் விடியற்காலையிலேயே போய்ப் புதுத் தளிர் எங்கே என்று தேடி வைத்து, அவர் வந்ததும் காட்டுவான். ‘எனக்குத் தமிழ் வேண்டும்’ என்று நெஞ்சில் கைவைத்துப் பாடுவதை விட்டுவிட்டு, குனிந்து குனிந்து இலை தேடுகிறவனைப் பாடவிடுங்கள். வரிகளில் தமிழ் என்ற சொல்லே வேண்டாம். செடிப் பெயரும், நேற்று இருந்த இலைக் கணக்கும், ஆசிரியரின் காலடிச் சத்தமும் மட்டும்.

நாடகத்தின் சிறந்த பாட்டு சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் இடம். 1880 அக்டோபர், கும்பகோணம். முன்சீபாக, அதாவது நீதிபதியாக வந்திருக்கும் முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். தமிழாசிரியர் அடுக்குகிறார்: அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள். அவர் அசையவில்லை. இதனால் என்ன பயன் என்பதுபோலக் கேட்டுவிட்டு, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார்.

நாயகன் மெட்டில்லாமல் அடுக்கும் பாட்டு இது. திஸ்ர நடை (தட்டுக்கு மூன்று), நிமிடத்துக்கு 100 தட்டு. ஒவ்வொரு வகை நூலும் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. அதை அடுத்து முதலியாருக்கு ஒரு முழு ஆவர்த்தனம் வெறுமை, மிருதங்கம்கூட இல்லாமல். முதல் வெறுமையில் சபை சிரிக்கும், இரண்டாவதிலும் சிரிக்கும். மூன்றாவதில் சிரிப்பு நின்றுவிட வேண்டும். அதற்காக மூன்றாவது அடுக்கில் வேகத்தைக் கூட்டி, சொற்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சரக்கு தீர்ந்துவருவது கேட்க வேண்டும். முதலியாரின் கேள்வியைச் சுருதியில்லாமல், சாதாரணப் பேச்சில், மெதுவாகக் கேட்கவிடுங்கள். பல இயக்குநர்கள் இங்கே பின்னணியில் வயலினை இழுக்கச் சொல்வார்கள். அந்த வயலினோடு காட்சி செத்துவிடும்.

இன்னொரு பாட்டுக்கு ஏட்டு எழுத்தே அடிப்படை. ஓலையில் எகர, ஒகரக் குறிலை நெடிலிலிருந்து பிரித்துக் காட்டும் புள்ளி கிடையாது. அதனால் ‘செறு’வும் ‘சேறு’ம் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும், ‘கொடு’வும் ‘கோடு’ம் அப்படியே. வயலா, சகதியா? இதை விளக்க வசனம் எழுதினால் வகுப்பறை ஆகிவிடும். கோஷ்டியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் ‘செறு’ என்று குறில் பிடித்து ஒன்றும் ஒன்றுமாக இரண்டு மாத்திரை. மறுபக்கம் ‘சேறு’ என்று இரண்டும் ஒன்றுமாக மூன்று மாத்திரை. (இலக்கணம் படித்தவர்கள் குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதானே என்பார்கள். தாளத்தில் ஒன்றாக வையுங்கள்.) இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றினால் ஆறு மாத்திரைக்கு ஒருமுறை சந்திக்கும். சந்திக்கும் தட்டில் சாமிநாதையர் ஒரு பாடத்தைத் தேர்ந்து எழுதுகிறார். உடனே அடுத்த சொல். பாட பேதம், அதாவது ஒரே இடத்தை இரு விதமாகப் படிக்க நேர்வது, என்றால் என்ன என்பது ஒன்றரை நிமிடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் அவர் சிந்தாமணிக்குப் பொருள் கேட்டதைக் கூட்டப் பாட்டாக வைக்கலாம். தம் சமயத்துக்கு அன்னியமான வீட்டுத் திண்ணையில் தமிழாசிரியரே மாணவராக உட்காரும் இடம். அடக்கமான மெட்டு போதும்.

பழைய செய்யுளும் புதிய பாட்டும்

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்ற இசை நாடகம் மரியா வான் டிராப்பின் தன்வரலாற்றிலிருந்து வந்தது. அந்தக் குடும்பம் உண்மையில் பாடிய பாடல்களை வைத்து, கூடப் புதுப் பாட்டு ஒன்றிரண்டு சேர்த்து, வசன நாடகமாகத்தான் முதலில் திட்டமிட்டார்கள். பாடல் அமைக்க அழைக்கப்பட்ட ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் கலப்படம் வேண்டாம், எல்லாப் பாட்டும் புதிதாக இருக்கட்டும் என்றார்கள். ஆஸ்திரிய நாட்டுப்பாடல் என்று பலர் நம்பும் ‘ஈடல்வைஸ்’ 1959இல் அந்த மேடைக்காகவே எழுதப்பட்டது.

நமக்கு அந்த வழி சரிவராது. செய்யுளே கதைப்பொருளாக இருக்கும்போது அதை விலக்க முடியாது. ஆனால் கலப்பதற்கு ஒரு விதி வேண்டும்: பழைய பாட்டு, கதைக்குள் ஒருவர் இன்னொருவருக்குப் பாடிக் காட்டும்போதும் வாசிக்கும்போதும் மட்டும். மனதில் ஓடுவதற்கெல்லாம் புதிய பாட்டு. நாயகன் தன் துயரத்தைத் தேவாரத்தில் பாடினால் சபை கைகூப்பிவிடும். அவன் துயரம் மறந்துபோகும்.

கோபாலகிருஷ்ண பாரதியார் 1896இல் மறைந்தவர். கீர்த்தனைகளுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. இன்னொருவர் பிற்காலத்தில் அமைத்த மெட்டும் ஒலிப்பதிவும் வேறு விஷயம். இசைத்தட்டிலிருந்து எடுத்து வாயசைப்பதை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

சுருதி

பாடகரின் ஆதார ஷட்ஜம் எந்த உயரத்தில் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டை. பெண்கள் நாலரை முதல் ஐந்தரை. ஒரே பாட்டில் இருவரும் வந்தால், யாராவது ஒருவர் கத்துவார் அல்லது முனகுவார். இரண்டுக்கும் நடுவே மூன்று கட்டையில் சமாதானம் செய்வது எல்லாரும் செய்வது, இருவருமே கெட்டுப்போவார்கள்.

சுத்தமான வழி மத்திம சுருதி: ஒருவரின் மத்திமத்தை மற்றவர் ஷட்ஜமாகக் கொள்வது. ஆண் இரண்டு கட்டையில் அரிகாம்போதி பாடட்டும். அவருடைய மத்திமம் ஐந்து கட்டை. அதையே ஷட்ஜமாகப் பிடித்துப் பெண் சங்கராபரணம் பாடினால் இருவருக்கும் சுவரத் தானங்கள் ஏழும் ஒன்றே. தம்புராவை இரண்டுக்கும் ஐந்துக்குமாக வைத்துவிட்டால் பாட்டின் நடுவே சுருதி மாற்ற வேண்டியதில்லை. சாமிநாதன் பாட்டை விடுவதற்கு முன் தாயோடு பாடும் பாட்டை இப்படி அமைக்கலாம். கீபோர்டு வாசிப்பவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பழக்கத்தில் ஆணின் பகுதிக்கும் ஐந்து கட்டையை ஆதாரமாக வைத்து முடித்துவிடுவார்.

வாத்தியம்: வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், கடம், தம்புரா, கீபோர்டு. யாழுக்கு வீணை போதும். புல்லாங்குழல்காரருக்கோ வயலின்காரருக்கோ வீணையும் தெரிந்திருந்தால் நல்லது. 1870களின் கிராமக் காட்சிகளில் ஆர்மோனியம் வேண்டாம், ஒத்திகையில் மட்டும் இருக்கட்டும். நாகசுரமும் தவிலும் ஆசையாகத்தான் இருக்கும். மூடிய அரங்கில் அவை ஒலித்தால் எந்த மைக்காலும் பாட்டைக் காப்பாற்ற முடியாது. வேண்டுமானால் அரங்குக்கு வெளியே, கதவைப் பாதி மூடி, திருவாவடுதுறை மடத்துக் காட்சிக்கு மட்டும்.

வரி எழுதும்போது

புதிய சொற்களைச் சபை முதல்முறையாகக் கேட்கிறது. நொடிக்கு நாலைந்து எழுத்துக்கு மேல் போனால் ஒலி கேட்கும், பொருள் போய்விடும். நீட்ட வேண்டிய இடத்தில் ஆ, ஏ, ஓ வரட்டும். வரியை ‘ம்’மில் முடித்து நாலு தட்டு நீட்டச் சொன்னால் பாடகர் வாயை மூடிக்கொண்டு முனகுவார். குற்றியலுகரத்தில் முடிந்தால் அதுவும் இல்லை. ‘எழுத்து’ என்பதை இழுத்தால் ‘எழுத்தூ’ என்று குழந்தைப் பேச்சாகும்.

எதுகை, மோனை பிசகுவதை விடக் கேடு விளைவிப்பது வகையுளி, அதாவது சொல் தவறான இடத்தில் உடைவது. நாயகன் ‘பாடமாட்டேன்’ என்று முடிவெடுக்கும் வரி, தட்டு ‘மா’வுக்குப் பிறகு விழுந்தால் ‘பாடமா... ட்டேன்’ என்று கேட்கும். பாடமா என்று ஆசிரியர் கேட்டதுபோல ஆகி, மிக முக்கியமான இடத்தில் பின்வரிசை குழம்பும். ‘பாட’வில் ஒரு தட்டு, ‘மாட்டேன்’ புதிய தட்டில். மெட்டுக்கு எழுதும்போது இந்தத் தவறு அதிகம். வரியைத் தாளம் போட்டு உரக்கப் படித்துப் பார்க்காமல் இசையமைப்பாளரிடம் கொடுக்காதீர்கள்.

கிழவரை என்ன செய்வது

தன்வரலாற்றில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: அனுபவித்தவர், பிறகு சொல்பவர். இங்கே சொல்பவருக்கு வயது எண்பத்தைந்து. ஆலிசன் பெக்டெலின் நூலிலிருந்து வந்த ‘ஃபன் ஹோம்’ மூன்று வயதுக்கு மூன்று நடிகைகளை மேடையில் வைத்தது. 2015இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது பெற்றது. பெரியவள் வெறும் அறிவிப்பாளராக நிற்பதில்லை. தன் நினைவோடு மல்லுக்கட்டுகிறாள்.

நம் கிழவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். வாரத் தொடர், இந்த வாரப் பகுதி போயாக வேண்டும். சொல்லத் தயங்கும் விஷயத்தைத் தள்ளிப்போடுகிறார்: சங்கீதத்தை விட்டது. காட்சிக்கு நடுவே அவருக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் கிடையாது. அடுத்து நாம் பார்க்கப்போவதை அவர் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. ‘அப்போது நான் மாயூரம் சென்றேன்’ என்பது போன்ற வரி ஒன்று உள்ளே வந்தாலும் அடித்துவிடுங்கள். மாயூரத்தைக் காட்டினால் போதும்.

சொல்பவர்தான் நாயகர் என்ற கட்டாயமும் இல்லை. நடனக்காரி ஜிப்ஸி ரோஸ் லீயின் நினைவுநூலிலிருந்து 1959இல் வந்த ‘ஜிப்ஸி’யில் மையப் பாத்திரம் அவளுடைய தாய். நம் முதல் பாதியையும் பிள்ளையின் நாடகமாகவே நடத்தலாம். எழுதுகிறவர் கை சோரும்படி செய்யுளைச் சொல்லிக்கொண்டே போகும் பெரும்புலவர், கையில் காசில்லாமல், மாணவர்களைச் சோறிட்டுக் காப்பவர். அவருக்கு நல்ல நடிகர் கிடைத்தால் பாதி வெற்றி.

எதை மாற்றலாம்

மேடையில் வான் டிராப் குடும்பம் மலையேறித் தப்புகிறது. உண்மையில் 1938இல் அவர்கள் ரயிலில் இத்தாலிக்குப் போனார்கள். குழந்தைகளின் பெயர்களும் மாறியிருக்கின்றன. உலகமே அதை ஏற்றுக்கொண்டது. நம் சபை ஏற்காது, ஏற்கவும் வேண்டாம். மூன்று மாத நிகழ்ச்சியை ஒரே மாலையாகச் சுருக்கலாம். மூன்று சக மாணவர்களை ஒருவராக்கலாம், அப்படி ஆக்கியவருக்கு நிஜப் பெயர் வைக்கக் கூடாது. ஒருவர் ஒன்றைச் செய்த காரணத்தை மட்டும் மாற்றக் கூடாது. பிள்ளையைப் பொறாமைக்காரராக்கினால் சங்கீதக் காட்சி எளிதாகச் சூடுபிடிக்கும். அது பொய்.

சாதி வழக்கங்களைத் துடைத்து எடுப்பதும் பொய்தான். ஆசிரியரும் மாணவரும் உண்ணும் இடம் வேறு. மாணவனின் சாப்பாட்டுக்கு ஆசிரியர் வேறு வீட்டில் ஏற்பாடு செய்கிறார். இதைப் பேசாமல் மேடையின் இரு ஓரங்களில் இரண்டு இலை போட்டுக் காட்டுங்கள். வசனம் வேண்டாம்.

வாசிப்பும் ஒத்திகையும்

அமெரிக்காவில் புது இசை நாடகத்தை 29 மணி நேர ஒத்திகையோடு, கையில் பிரதியை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. நமக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை போதும். நாற்காலி, ஆர்மோனியம், மிருதங்கம். நூலைப் படிக்காத பத்துப் பேரைக் கூப்பிடுங்கள். தமிழாசிரியர்கள் வேண்டாம், விடுபட்டதையெல்லாம் அவர்களே மனதில் நிரப்பிக்கொள்வார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்பார்கள். கேட்க வேண்டியது: இடைவேளையில் அவனுக்கு என்ன வேண்டியிருந்தது? யார் யார் என்று குழம்பியது எங்கே? எப்போது போனைப் பார்த்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு மூன்று பேர் ஒரே காட்சியைச் சொன்னால் அந்தக் காட்சி போய்விட வேண்டும். திருத்துவதில் நேரம் செலவிடாதீர்கள்.

இரண்டாம் பாதியின் நடுப்பகுதிதான் பெரும்பாலும் தொய்யும். ஏடு தேடுவதை மூன்று ஊரில் காட்டியிருப்பீர்கள். ஒன்று போதும்.

ஒத்திகை ஆறு வாரம்: முதல் இரண்டு பாட்டு மட்டும், அடுத்த இரண்டில் அசைவு, ஐந்தாவதில் முழு ஓட்டம், ஆறாவதில் வாத்தியக்காரர்களோடு. அசைவையும் பாட்டையும் ஒரே நாளில் கற்றுக்கொடுத்தால் இரண்டுமே பிடிபடாது. ஒவ்வொரு காட்சி மாற்றத்துக்கும் நாலு ஆவர்த்தனத் துண்டு ஒன்று தயார் வையுங்கள். திண்ணையை நகர்த்துபவர் கை காட்டும் வரை அதையே சுற்றி வாசிக்க வேண்டும். திண்ணை என்பது எட்டுக்கு நாலு அடி, ஒன்றரை அடி உயரப் பலகை இரண்டு. மாயூரம், திருவாவடுதுறை, கும்பகோணம் எல்லாம் அதிலேயே.

மைக், குடுமி, வேட்டி

1870களின் ஆண்கள் மேலே சட்டையில்லாமல், முன்தலை மழித்துக் குடுமியோடு இருப்பார்கள். மேடை இசை நாடகங்களில் மைக்கை நெற்றி முடியோரத்தில் ஒளிப்பது வழக்கம். இங்கே முடியே இல்லை. டிரான்ஸ்மிட்டரை ஒளிக்கச் சட்டையும் இல்லை. தோல் நிற மைக்கைக் காதில் மாட்டி, கம்பியைப் பிடரி வழியாக முதுகெலும்பை ஒட்டி மூன்று இடத்தில் மருத்துவ டேப்பால் ஒட்டுங்கள். பெட்டியை இடுப்பில் எலாஸ்டிக் பட்டைக்குள் வைத்து, அதன்மேல் வேட்டியைக் கட்டவும். வேட்டி மடிப்பில் நேரடியாகச் செருகினால் குனிந்து தளிர் தேடும் பாட்டிலேயே கீழே விழும். அங்கவஸ்திரம் முதுகுப் பக்கத்தை மறைக்கும். ஆனால் மார்பில் புரளும்போது மைக்கில் உரசும். உடை ஒத்திகையை மைக்கோடுதான் செய்ய வேண்டும்.

வியர்வை மைக் முனையை அடைத்துவிடும். குரல் திடீரென்று தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். எட்டு மைக் போதுமென்றாலும் ஒன்பதாவதைக் கையில் வைத்திருங்கள். கோஷ்டிக்கு மேடை விளிம்பில் மூன்று மைக் போதும்.

நிஜ ஓலை மைக்குக்குப் பக்கத்தில் பெரிய சத்தம் போடும். அதோடு நிஜ அளவில் அது மிக ஒல்லி. பத்தாவது வரிசைக்குத் தெரியாது. கெட்டி அட்டையை இரண்டு அங்குல அகலத்தில் வெட்டி, மஞ்சளும் தேநீரும் கலந்து தோய்த்துக் காயவைத்து, நூலில் கோத்துக்கொள்ளுங்கள். முதலியார் கொடுக்கும் சிந்தாமணிப் பிரதி வேறு வகை, அது காகிதக் கட்டு. ஒரு கட்டு மட்டும் நிஜ ஓலையாக இருக்கட்டும், விளக்கடியில் தனியே புரட்டும் காட்சிக்கு. அங்கே அந்தச் சத்தம் தேவை.

இடைவேளையில் எல்லா மைக்குக்கும் பேட்டரி மாற்றுங்கள், பாதி இருக்கிறது என்று சொன்னாலும். அடைக்கலப்பத்துக்கு வாத்தியம் எதுவும் இல்லை என்பதால், அந்த இரண்டரை நிமிடம் அரங்கின் மின்விசிறிகளை நிறுத்த முடியுமா என்று காலையிலேயே பொறுப்பாளரிடம் கேட்டு வையுங்கள். பல அரங்குகளில் சுவிட்ச் பின்பக்க அறையில் பூட்டியிருக்கும்.